மோப்ப சிஸ்டர்

"கையை நீட்டுங்க."

நீட்டினேன். ஊசி எனக்குத்தானோ என்று பயந்து சட்டைக் கையைச் சுருட்டவும் தொடங்கிவிட்டேன். "உங்களுக்கு இல்ல சார்" என்றவர், என் உள்ளங்கையை மூக்கருகே கொண்டுபோய் ஒரு தரம் முகர்ந்தார். திருப்பிப் புறங்கையையும் முகர்ந்தார். "கிரீம் பிஸ்கட். ரெண்டு. ஒண்ணு உங்களுக்கு, ஒண்ணு இதுக்கு." என் நாய் நைசாக மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டது. எனக்கு அந்த வசதி இல்லை.

நாய், பூனைகளுக்கான அந்தச் சிறிய மருத்துவமனையில் டாக்டரைப் பார்ப்பதற்கு முன் இந்த அம்மாளைத் தாண்டியாக வேண்டும். மருந்து அறை, ஊசி, டிரிப், கட்டு எல்லாம் இவர் பொறுப்பு. எல்லோரும் சிஸ்டர் என்று கூப்பிடுகிறார்கள். அந்தப் பக்கம் திரும்பியதும் "மோப்ப சிஸ்டர்" என்கிறார்கள். அது அவருக்கும் தெரியும். "போலீஸ்ல இருந்திருந்தா இந்நேரம் மெடல் குத்தியிருப்பாங்க" என்பார்.

வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். கேட்டால், "நாய்க் கணக்குலயா, மனுஷக் கணக்குலயா?" என்று திருப்பிக் கேட்பார். மூக்குக்கண்ணாடி கழுத்தில் தொங்குகிறது. அதைத் தொங்கவிட்டிருப்பது சாண் சாணாக வெட்டி முடிச்சுப்போட்ட பழைய டிரிப் குழாய். கொண்டையைப் பிடித்திருப்பது மருந்துக் கட்டில் வந்த ரப்பர் பேண்டு. சட்டைப் பையில் மூன்று பேனா இருக்கும், எழுதுவது ஒன்றுதான். மற்ற இரண்டையும் நாய்க்குட்டிகள் கடித்துவிட்டன. ஆனாலும் தூக்கிப்போட மனம் வருவதில்லை.

முன்பு பன்னிரண்டு வருடம் மனிதர்களின் ஆஸ்பத்திரியில் இருந்தவர். ஏன் மாறினீர்கள் என்று கேட்டேன். "அங்க நோயாளியும் பொய் சொல்லுவாங்க, கூட வர்றவங்களும் பொய் சொல்லுவாங்க. இங்க கூட வர்றவங்க மட்டும்தான். வேலை பாதியாக் குறைஞ்சுது" என்றார். வயிற்றுக் கோளாறு என்று வருகிற நாய்களில் பாதிக்கு மேல் வீட்டார் கையிலிருந்து எதையாவது வாங்கித் தின்றவை என்பது அவர் கட்சி. வாயைக் கேட்டால் "ஒண்ணுமே குடுக்கலை சிஸ்டர்" என்பார்கள். அதனால் வாயைக் கேட்பதை விட்டுவிட்டார்.

சொந்தமாக நாய் வளர்த்ததில்லை. "வீட்டுல ஒண்ணு இருக்கு. பஸ் ஓட்டுது. அதுக்குப் பிரஷர் மாத்திரை குடுக்கறதுக்குள்ள எனக்குப் பிரஷர் வந்துடுது." இப்படிச் சொல்லப்படுகிற அவர் கணவர் தினமும் மதியம் சாப்பாட்டுப் பாத்திரத்தோடு வருவார். ஆறடி உயரம், தாராளமான மீசை. நாய் என்றால் நடுங்குவார். கேட்டுக்கு வெளியே நின்று கம்பி வழியாகக் கையை மட்டும் நீட்டி, பாத்திரம் கைமாறியதும் நகர்ந்துவிடுவார். இருவரும் அந்தக் கம்பிக்கு இரு பக்கமும் நின்று பேசுவதைப் பார்த்தால் யார் கைதி என்று சொல்வது கடினம்.

நான் போனது என் நாயின் கால் புண்ணுக்காக. கண்ணாடித் துண்டு குத்திவிட்டது. ஐந்து நாள் கட்டு மாற்ற வேண்டும், மாத்திரையும் உண்டு. என் நாய் மாத்திரையைத் துப்புவதில் விற்பன்னர். சிஸ்டர் அதைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். மருந்து வைக்கும் குளிர்பெட்டியின் கீழ்த் தட்டிலிருந்து ஒரு சிறிய எவர்சில்வர் டப்பாவை எடுத்தார். உள்ளே வெண்ணெய். கரண்டிக் காம்பால் ஒரு சுண்டைக்காய் அளவு வழித்து, மாத்திரையை நடுவில் புதைத்து உருட்டி, நாயின் வாய்க்கு நேரே எறிந்தார். லபக். "வீட்டுலயும் இப்படியே குடுங்க. கேட்டு வாங்கிச் சாப்பிடும்." சொன்னபடியே ஆயிற்று. மறுநாளிலிருந்து என் நாய் மாத்திரை உறை சரசரத்தாலே ஓடிவந்து உட்கார ஆரம்பித்தது. அந்த வெண்ணெய் உருண்டை அவருடைய பிரசித்தி பெற்ற வித்தை. அந்த வட்டாரத்து நாய்கள் பூச்சி மாத்திரை சாப்பிட்டதெல்லாம் அந்த வழியில்தான்.

இரண்டாம் நாள் நான் காத்திருந்தபோது பக்கத்துத் தெரு சலூன்காரர் தன் நாயை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்தார். பின்னால் அவர் மனைவி துண்டோடு ஓடிவந்தார். ஒன்பது வயது பழுப்பு நாய். சலூன் வாசலில் உட்கார்ந்து வருவோர் போவோரையெல்லாம் மேற்பார்வை பார்ப்பதால் வாடிக்கையாளர்கள் அதற்கு மேனேஜர் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அன்று மேனேஜர் வேலை பார்க்கும் நிலையில் இல்லை. முதல் நாள் இரவிலிருந்து வாந்தி. தரையில் விட்டதும் முன்னங்காலை நீட்டித் தலையைத் தாழ்த்தி, பின்பக்கத்தை மட்டும் உயர்த்தி அப்படியே நின்றது.

"கும்பிடற மாதிரி நிக்குது பாருங்க அக்கா" என்றார் சலூன்காரர் மனைவி.

"கும்பிடலை தங்கச்சி. வயித்து வலி. அப்படி நின்னாதான் அதுக்குக் கொஞ்சம் இதமா இருக்கும்" என்ற சிஸ்டர், சலூன்காரர் பக்கம் திரும்பினார். "கையை நீட்டுங்க."

சவரச் சோப்பு, பவுடர், தலைக்கு வைக்கும் எண்ணெய் என்று ஒரு தெருவே இருந்தது அந்தக் கையில். "எல்லாம் இருக்கு, நாய் தின்னது மட்டும் இல்லை. நீங்களே சொல்லிடுங்க" என்றார். சலூன்காரர் தன் கத்தரிக்கோல் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார். முந்தின நாள் வீட்டில் விருந்தாளிகளாம். கோழித் தோலையும் கொழுப்பையும் உரித்து ஒரு பையில் கட்டி வைத்திருந்தார்கள். பை முழுதும் மேனேஜர் வயிற்றில்.

"தானா எடுத்துத் தின்னுடுச்சு சிஸ்டர்."

"பை முடிச்சை அவிழ்த்தது?"

"பக்கத்துல வந்து உட்கார்ந்து பார்த்துச்சு. பார்த்துக்கிட்டே இருந்துச்சு. நான்தான்…"

ரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டர், கணையத்தில் கடுமையான அழற்சி என்றார். சிஸ்டரை விட இருபது வயது இளையவர். அளந்துதான் பேசுவார். உயிருக்கு ஆபத்து உண்டா என்று சலூன்காரர் கேட்டதற்கு, "உண்டு. மூணு நாள் பார்ப்போம்" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார். சலூன்காரர் மனைவி துண்டை வாயில் வைத்துக்கொண்டார். அவர்கள் பிள்ளைகள் இருவரும் தூரத்து ஊர்களில் வேலைக்குப் போய்விட்டார்கள். வீட்டில் இவர்கள் இரண்டு பேரும் மேனேஜரும்தான்.

டாக்டர் சொன்னதைச் சிஸ்டர் அவர்களுக்கு மொழிபெயர்த்தார். "கணையம்னா வயித்துக்குள்ள இருக்கிற சமையல்காரர்னு வெச்சுக்குங்க. ஒரே நேரத்துல இத்தனை கொழுப்பைக் கொண்டுபோய்க் கொட்டினா அவருக்குக் கோபம் வந்துடும். அடுப்புல வைக்க வேண்டிய நெருப்பை வீட்டுக்கே வெச்சிடுவார். தீயணைக்க ரத்தத்துல இருக்கிற வெள்ளை அணு எல்லாம் ஓடிவரும். ஒரு பத்து பேர் வந்தா நல்லது. ஆயிரம் பேர் வந்தா? இருக்கிற கதவு ஜன்னலையும் மிதிச்சு உடைச்சிடுவாங்க. இந்த ஊசி வாசல்ல நின்னு அந்தக் கூட்டத்தை உள்ள விடாமப் பார்த்துக்கும். தினம் ஒண்ணு, மூணு நாள். அது மட்டும் போதாது. டிரிப் ஏத்தணும், வலிக்குத் தனியா, வாந்திக்குத் தனியா." கணையத்தைப் பற்றி நான் பள்ளிக்கூடத்தில் படித்ததை விட இது எவ்வளவோ நன்றாக இருந்தது.

அந்த மருந்தை அவர் தயார் செய்வதைப் பார்க்க வேண்டும். சிறிய கண்ணாடிக் குப்பி, அடியில் வெள்ளைப் பொடி. அதற்கான திரவம் தனிக் குப்பியில். முதலில் நாயைத் தானே எடை பார்ப்பார். டாக்டர் பார்த்து எழுதியிருந்தாலும் இன்னொரு தரம் பார்ப்பார். கிலோவுக்கு இவ்வளவு என்று கணக்குப் போட்டு மணிக்கட்டுக்கு மேலே பேனாவால் எழுதிக்கொள்வார். திரவத்தைக் குப்பியின் சுவரோரமாக இறக்கி, குலுக்காமல், இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து மெள்ள உருட்டுவார். அப்போது பேசமாட்டார், பேசினால் பதிலும் வராது. பொடி கரைந்து தெளிந்ததும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, முன்னங்கால் நரம்பில் ஏற்றியிருக்கும் குழாய் வழியாகக் கொடுப்பார். காலிக் குப்பியை எறியாமல் தேதி எழுதி ஒரு பிஸ்கட் தகரத்தில் போட்டு வைப்பார். வைத்தியம் முடியும்வரை அது அங்கே இருக்கும். "நாளைக்கே ஒண்ணு கேட்டாங்கன்னா சாட்சி வேணுமில்ல?"

பகலெல்லாம் டிரிப், மாலையில் வீடு, காலையில் மறுபடி இங்கே. அதுதான் அந்தச் சிறிய இடத்தின் ஏற்பாடு.

மறுநாள் இரண்டாவது ஊசி போடும்போதே மேனேஜர் தலையைத் தூக்கி அறையைச் சுற்றிப் பார்த்தது. மத்தியானத்துக்குள் என் நாயைப் பார்த்து ஒரு உறுமல். வந்தவர்களை மேற்பார்வை பார்க்க ஆரம்பித்துவிட்டது என்று எல்லோருக்கும் சந்தோஷம். வாந்தி நின்றிருந்தது. அன்று மாலை டாக்டர் வீட்டில் கொடுக்க மூன்று விதமான மாத்திரை எழுதினார். இரவு ஒரு வேளை, விடிந்ததும் ஒரு வேளை. சாப்பாடு எதுவும் இப்போது வேண்டாம், தண்ணீர் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக என்று டாக்டர் சொன்னார். சிஸ்டர் மாத்திரைகளை உறையில் போட்டு வேளையை எழுதிக் கொடுத்தார்.

அடுத்த நாள் காலை மேனேஜரைப் போர்வையில் சுற்றிக் கொண்டுவந்தார்கள். மறுபடி வாந்தி. வயிற்றில் கை வைத்ததும் முனகியது. தலை தூக்கவில்லை. சலூன்காரர் கடையைத் திறக்காமல் வந்திருந்தார். முகத்தில் இரண்டு நாள் தாடி. அவர் தொழிலில் அது பெரிய விஷயம்.

டாக்டர் நாயைப் பார்த்தார், பிறகு சிஸ்டரைப் பார்த்தார். "ரெண்டு நாளும் அளவு சரியா இருந்துச்சுங்களா சிஸ்டர்?" மரியாதையாகத்தான் கேட்டார். ஆனால் கேட்டுவிட்டார்.

சிஸ்டர் தகரத்தைத் திறந்து இரண்டு குப்பிகளையும் மேசையில் வைத்தார். எடைச் சீட்டை வைத்தார். தாளில் மறுபடி கணக்கைப் போட்டுக் காட்டினார். எல்லாம் சரியாக இருந்தது. ஆனாலும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதே கணக்கை இன்னொரு தரம் போட்டார். அதுவரை கேலியும் கிண்டலுமாகப் பார்த்த மனுஷி பயந்து நின்றதைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது. என் நாயின் காலைப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டேன்.

அப்புறம் அவருக்குத் தன் பழைய வழி ஞாபகம் வந்தது. "கையை நீட்டுங்க."

சலூன்காரர் நீட்டினார். ஒன்றும் இல்லை. அவர் மனைவி நீட்டினார். சிஸ்டர் முகர்ந்தார். இன்னொரு தரம் முகர்ந்தார். கையை விடாமலே கேட்டார்: "வெண்ணெய் வாசனை வருதே. என்ன குடுத்தீங்க?"

"சாப்பாடு ஒண்ணுமே குடுக்கலை அக்கா. சத்தியமா. மாத்திரை மட்டும்தான்."

"எப்படிக் குடுத்தீங்க?"

"நீங்க சொல்லிக்குடுத்த மாதிரிதான். வெண்ணெய்ல உருட்டி. போன வருஷம் பூச்சி மாத்திரைக்குக் காட்டினீங்களே. உடம்பு முடியாம இருக்கு, கசப்பு தெரிய வேணாமேன்னு உருண்டையைக் கொஞ்சம் பெருசாவே பிடிச்சேன். மூணு மாத்திரைக்கு மூணு. ராத்திரி மூணு, காலையில மூணு." எலுமிச்சம்பழ அளவைக் கையால் காட்டினார்.

சலூன்காரருக்கு அடக்கி வைத்திருந்ததெல்லாம் பொங்கிவிட்டது. "அறிவிருக்கா உனக்கு? கொழுப்பு ஆகாது, கொழுப்பு ஆகாதுன்னு ரெண்டு நாளா தொண்டை கிழியச் சொல்றாங்க…" அந்த அம்மாள் தன் கையையே வெறித்துப் பார்த்துவிட்டு, அதைப் புடவைத் தலைப்பால் துடைத்தார். திரும்பத் திரும்பத் துடைத்தார்.

"அவங்களைத் திட்டாதீங்க" என்றார் சிஸ்டர். குரல் உயரவில்லை. டாக்டர் பக்கம் திரும்பி, "நான் சொல்லிக்குடுத்ததுதான் டாக்டர். நேத்து மாத்திரை உறையைக் குடுக்கறப்போ, இதை வெண்ணெய்ல குடுக்காதீங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கணும். இவங்க பை முடிச்சைப் பத்திக் கேள்வி கேட்டேன். என் டப்பா எனக்கு ஞாபகம் வரலை."

அந்தத் தகரத்தில் இருந்த சாட்சிகளெல்லாம் அவர் பக்கம்தான் இருந்தன. வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் பழி முழுவதும் சலூன்காரர் மனைவியோடு வீட்டுக்குப் போயிருக்கும். எனக்கு அந்தத் துணிவு இருந்திருக்குமா என்று யோசித்துப் பார்த்தேன். பிஸ்கட்டையே மறைத்தவன் நான்.

டாக்டர் தான் எழுதிய மருந்துச் சீட்டை எடுத்துப் பார்த்தார். "எனக்கும் தோணலை சிஸ்டர்" என்றார் பிறகு. "மாத்திரை எல்லாத்தையும் நிறுத்திடலாம். ஊசியாவே போடுவோம். மூணாவது டோஸைக் கலக்குங்க." சிஸ்டர் மணிக்கட்டில் எடையை எழுதிக்கொண்டார். அன்று உள்ளங்கைகளுக்கு நடுவே குப்பியை உருட்டியபோது மட்டும் அவர் உதடுகள் அசைந்தன. என்ன சொன்னார் என்று காதில் விழவில்லை.

மதியம் கணவர் வந்தபோது, கம்பி வழியாக எவர்சில்வர் டப்பா வெளியே போயிற்று. "வீட்டுக்குக் கொண்டு போங்க. இனிமே இது இங்க வேணாம்." அவர் டப்பாவை ஒரு கையால் வாங்கிக்கொண்டு, "இதை ஏதாவது நக்கியிருக்கா?" என்று கேட்டார். சிஸ்டர் அன்று சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

பாத்திரத்தைத் திறக்காமலே வந்துபோனவர்களின் பெயரும் எண்ணும் எழுதிய நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு போன் போட ஆரம்பித்தார். வெண்ணெய் வித்தையைத் தான் சொல்லிக்கொடுத்த வீடுகள் எல்லாவற்றுக்கும். "ஆமாங்க, நான்தான் குடுக்கச் சொன்னேன். இப்ப நான்தான் வேணாங்கறேன். இல்லைங்க, உங்க நாய்க்கு ஒண்ணும் ஆகலை. ஆக வேணாம்னுதான் கூப்பிடறேன்… சரி, பூனையா? பூனைக்கும் வேணாம்." டாக்டர் எட்டிப் பார்த்து, "எல்லாருக்கும் அது கெடுதல் இல்லையே சிஸ்டர். நல்லா இருக்கிற நாய்க்குத் துளியூண்டு குடுத்தா என்ன?" என்றார். "அந்தத் துளியூண்டு எலுமிச்சம்பழம் ஆயிடுது டாக்டர்" என்று சொல்லிவிட்டு அடுத்த எண்ணை அழுத்தினார். எனக்குப் போன் வரவில்லை. நான் எதிரிலேயே உட்கார்ந்திருந்ததால் நேரில் கிடைத்தது.

என் நாய்க்கு மறுநாளோடு கட்டு முடிந்துவிட்டது. அதற்கடுத்த நாளும் போனேன். அதன் காலை இன்னொரு தரம் காட்டிவிடலாம் என்று சொல்லிக்கொண்டேன். சிஸ்டர் என் நாயின் காலைப் பார்க்கவே இல்லை. "மேனேஜரைப் பார்க்கத்தானே வந்தீங்க? உள்ள வாங்க" என்றார். இரண்டு நாளாக எல்லா மருந்தும் ஊசி வழியாகவே போயிருந்தது. மூன்றாவது ஊசி போட்ட சாயங்காலமே வாந்தி நின்றதாம். முந்தின நாள் வலி குறைந்து, தண்ணீர் தங்கியிருக்கிறது. சலூன்காரர் சவரம் செய்துகொண்டு வந்திருந்தார். அதைப் பார்த்ததும் எனக்கு நிம்மதியாக இருந்தது.

உணவு கொடுத்துப் பார்க்கலாம் என்று டாக்டர் சொன்னார். தோலும் கொழுப்பும் இல்லாத கோழி நெஞ்சுத் துண்டு, வெறும் தண்ணீரில் வேக வைத்தது, குழைந்த சோற்றோடு ஒரு சின்னக் கிண்ணத்தில். மூடியைத் திறந்ததுதான் தாமதம், மேனேஜர் நான்கு காலிலும் எழுந்து நின்றுவிட்டது. வால் கூண்டின் கம்பியில் பட்டுப் பட்டு டங் டங் என்று சத்தம்.

"தங்கச்சி, நீங்களே குடுங்க" என்றார் சிஸ்டர்.

சலூன்காரர் மனைவி கதவோரம் நின்றிருந்தார், இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு. "வேணாம் அக்கா. என் கையால வேணாம். நீங்களே குடுத்துடுங்க."

சிஸ்டர் ஒரு கணம் அவரைப் பார்த்தார். பிறகு குழாயடிக்குப் போய்ச் சோப்புப் போட்டுக் கை கழுவினார். இன்னொரு தரம் போட்டு, நகக்கண்ணெல்லாம் தேய்த்துக் கழுவினார். துடைத்துக்கொண்டு வந்தவர் கிண்ணத்துப் பக்கம் போகவில்லை. அவசரத்தில் குரைத்த மேனேஜரைத் தாண்டி நேராகக் கதவோரம் போய், சலூன்காரர் மனைவியின் முகத்துக்கு நேரே தன் உள்ளங்கையை நீட்டினார்.

"இனிமே என் கைக்கும் சோதனை உண்டு. மோந்து பாருங்க."

அந்த அம்மாள் கூச்சத்தோடு கணவரைப் பார்த்தார், டாக்டரைப் பார்த்தார். கை அப்படியே நீண்டிருந்தது. கடைசியில் குனிந்து முகர்ந்து, "சோப்பு" என்றார் மெள்ள. சிஸ்டர் கையைத் திருப்பிப் புறங்கையையும் காட்டினார்.